ஐந்து கம்பெனிக்கு லீட் தேட ஒரே லிங்க்ட்இன் கணக்கு போதுமா?

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பாடாங் செராயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். கூலிம் தொழிற்சாலை ஒன்றில் பர்சேஸிங் பிரிவில் வேலை பார்த்தவர். இப்போது வீட்டிலிருந்தபடியே ஐந்து கம்பெனிகளுக்கு லிங்க்ட்இன் வழியாக லீட், அதாவது வாங்க வாய்ப்புள்ள ஆட்களை, தேடிக் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒன்று அளவுக் கருவிகளின் துல்லியத்தைச் சரிபார்க்கும் கேலிபிரேஷன் லேப், ஒன்று பயிற்சி நிறுவனம், இரண்டு பேர் பேலட்டும் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) பேக்கேஜிங் சாமான்களும் விற்பவர்கள், ஐந்தாமவர் செம்பனை ஆலைகளில் பாய்லர் பராமரிப்பு செய்பவர். “ஐந்துக்கும் என் ஒரே கணக்கைப் பயன்படுத்தலாமா, ஆளுக்கொரு புதுக் கணக்கு திறக்கவா, இல்லை அவர்களுடைய பாஸ்வேர்டை வாங்கிக்கொள்ளவா? தானாக மெசேஜ் அனுப்பும் மென்பொருளில் எது நல்லது?” இதுதான் அவர் கேள்வி.

தம்பி கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தாலும், அதற்கு அடியில் இருப்பது வேறொரு கேள்வி என்று எனக்குப் படுகிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம் ஐந்து கம்பெனிகளுக்காகப் போய்ப் பேசும்போது யார் பெயரில் நின்று பேசுவது? இது தெளிவானால் கணக்கு, பாஸ்வேர்டு, மென்பொருள் மூன்றுக்கும் வழி தெரிந்துவிடும். என் பதில் இது: அந்தந்தக் கம்பெனியின் ஆள், தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் கணக்கில், தன் கையாலேயே பேச வேண்டும். அதற்குப் பின்னால் உள்ள வேலை முழுவதையும் நீங்கள் செய்யலாம். சமைப்பது நீங்கள், பரிமாறுவது அவர்.

நானும் இந்த வட்டாரத்துக்காரிதான். அம்மா லூனாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். நான் கூலிமில் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பட்டறையில் பதினோரு வருடம் சேல்ஸ் கோஆர்டினேட்டராக இருந்தேன். 2016 முதல் சொந்தமாக இந்த வேலையைச் செய்கிறேன். என் கிளையண்டுகள் எல்லாருமே தொழிற்சாலைகளுக்கும் ஆலைகளுக்கும் விற்பவர்கள். வீடு, காப்புறுதி, நேரடி விற்பனை போன்றவற்றுக்கு நான் லீட் தேடியதில்லை. ஆகவே நான் சொல்வதை அந்தத் தொழில்களுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாதவை. லிங்க்ட்இன்னின் பயனர் ஒப்பந்தத்தில் எழுத்திலேயே இருக்கிறது: ஒருவருக்கு ஒரு கணக்குதான், அது அவருடைய உண்மையான பெயரில் இருக்க வேண்டும், அதை இன்னொருவரோடு பகிரக் கூடாது. தானாக அழைப்பும் மெசேஜும் அனுப்பும் மென்பொருள், பக்கங்களிலிருந்து விவரத்தை அள்ளி எடுக்கும் மென்பொருள் இரண்டுக்கும் தடை. ஆகவே தம்பி சொன்ன வழிகளில் இரண்டு அங்கேயே அடிபட்டுப் போகின்றன. ஆளுக்கொரு கணக்கு திறப்பது போலிக் கணக்கு. பாஸ்வேர்டு வாங்கி உள்ளே போவது கணக்கைப் பகிர்வது. அரையாண்டுக்கு ஒருமுறை அவர்கள் வெளியிடும் அறிக்கையைப் பாருங்கள், நீக்கிய போலிக் கணக்குகளின் எண்ணிக்கை கோடிக் கணக்கில் இருக்கும். கணக்கை முடக்கிவிட்டு அடையாள அட்டையைக் கேட்பார்கள். கற்பனைப் பெயரில் திறந்த கணக்கு என்றால் காட்டுவதற்கு மைகார்டு இருக்காது.

மென்பொருள் விற்பவர்கள், “அமெரிக்கக் கோர்ட்டே இதெல்லாம் சரி என்று சொல்லிவிட்டது” என்பார்கள். அவர்கள் சொல்வது, லிங்க்ட்இன் பக்கங்களிலிருந்து விவரத்தை அள்ளிய ஹைக்யூ என்ற கம்பெனிக்கும் லிங்க்ட்இன்னுக்கும் நடந்த வழக்கை. 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஹைக்யூ பக்கம் பேசியது உண்மைதான். ஆனால் அது கணினி ஊடுருவல் சட்டம் என்ற ஒரு முனையைப் பற்றியது. அதே ஆண்டின் கடைசியில், ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்று வேறொரு தீர்ப்பு வந்து, வழக்கு சமரசத்தில் முடிந்தது. முதல் பாதியை மட்டும் சொல்லி விற்பவரிடம் கவனமாக இருங்கள்.

மிச்சமிருப்பது உங்கள் ஒரே கணக்கை ஐந்து பேருக்கும் வைத்துக்கொள்வது. இதற்கு விதியில் நேரடித் தடை இல்லை. ஆனால் எதிரில் இருப்பவர் நிலையிலிருந்து பாருங்கள். பத்து காவான் என்ற ஊரில் ஒரு குவாலிட்டி என்ஜினியருக்கு உங்கள் அழைப்பு வருகிறது. அவர் முதலில் உங்கள் பெயரைத் தட்டிப் பக்கத்தைப் பார்ப்பார். அங்கே கேலிபிரேஷன், பயிற்சி, பேலட், பாய்லர் என்று நான்கும் கிடந்தால் “இவர் புரோக்கர்” என்று மூடிவிடுவார். எதையுமே போடாமல் “பிசினஸ் டெவலப்மெண்ட்” என்று மட்டும் இருந்தால் இன்னும் மோசம். நம் நாட்டில் ஸ்கேம் இவ்வளவு பெருகி, புகார் சொல்ல 997 என்று தனி எண்ணே வைத்திருக்கும் காலத்தில், தெரியாதவரிடமிருந்து வரும் மெசேஜை ஆட்கள் சந்தேகத்தோடுதான் திறக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது கம்பெனியின் ஆள் ஒருவர் உண்மையான முகத்தோடு, உண்மையான வேலையோடு நிற்பதுதான். உங்கள் சொந்தக் கணக்கை உங்கள் சொந்தத் தொழிலுக்கு, அதாவது அடுத்த கிளையண்டைத் தேடுவதற்கு, வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிப் பக்கத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. கிளையண்ட் தன் கம்பெனிப் பக்கத்தில் உங்களை கன்டென்ட் அட்மினாகச் சேர்க்கலாம். விளம்பரக் கணக்கிலும் அப்படியே உரிமை கொடுக்கலாம். பாஸ்வேர்டு கை மாற வேண்டியதே இல்லை, வேலை முடிந்ததும் உங்களை எடுத்துவிடலாம். தனிநபர் பக்கத்துக்கு அப்படி ஒரு வசதியை லிங்க்ட்இன் வைக்கவில்லை. ஆனால் தொழிற்சாலைக்கு விற்பதில் லீட் வருவது பெரும்பாலும் தனிநபர் பக்கத்திலிருந்துதான். ஆட்கள் ஆட்களோடுதான் பேசுகிறார்கள்.

அப்படியானால் நடைமுறையில் எப்படி என்று கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கிளையண்டோடும் வாரத்தில் அரைமணி நேரம் நேரில் உட்காருவேன். முடியாவிட்டால் வீடியோ கால். அதற்கு முன்பே இருபது பேர் கொண்ட பட்டியலைத் தயார் செய்திருப்பேன்: பெயர், கம்பெனி, பொறுப்பு, ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரி, அனுப்ப வேண்டிய வாசகம். கிளையண்ட் தன் கைப்பேசியில், தன் கணக்கில், ஒவ்வொருவரையும் பார்த்து, வாசகத்தைத் தன் பேச்சுக்கு ஏற்ப மாற்றி அனுப்புவார். எனக்குக் கேலிபிரேஷன் லேப் ஒன்று கிளையண்டாக இருந்தது. அதன் முதலாளியோடு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு கூலிம் பழைய டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திப்பு. அவர் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே பட்டியலைப் பார்ப்பார். ஒரு நாள் ஏழாவது பெயருக்கு வந்ததும் கையைத் துடைத்துவிட்டு, “இவரா? இவர் அந்த வேலையை விட்டு மூன்று மாதம் ஆச்சு. பக்கத்தை மாற்றாமல் வைத்திருக்கிறார். இப்போது இருப்பது சுங்கைப்பட்டாணியில்” என்று சொல்லி, அங்கேயே வாட்ஸ்ஆப்பில் கூப்பிட்டுவிட்டார். அந்த வாரத்தின் நல்ல லீட் அதுதான். எந்த மென்பொருளாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. இருபது வருடம் ஒரு தொழிலில் இருப்பவரின் தலைக்குள் இருக்கும் விவரத்தை வெளியே கொண்டுவருவதற்கே அந்த அரைமணி நேரம் வேண்டும்.

பட்டியல் தயாரிக்க சேல்ஸ் நேவிகேட்டர் (லிங்க்ட்இன்னின் கட்டணத் தேடல் சேவை) வாங்கலாமா என்றால், வேலை சூடு பிடித்த பிறகு வாங்கலாம். அது ஓர் ஆளுக்கு ஒரு சீட், ஐந்து கிளையண்டும் பங்கு போட முடியாது. உங்கள் பெயரில் ஒன்று வாங்கித் தேடுவதற்குப் பயன்படுத்துங்கள். அதில் மாதத்துக்கு 50 இன்மெயில், அதாவது தொடர்பில் இல்லாதவருக்கும் அனுப்பக்கூடிய மெசேஜ், வரும். பெற்றவர் 90 நாளுக்குள் பதில் போட்டால் அந்த ஓர் இன்மெயில் மறுபடி உங்கள் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். தொடக்கத்தில் சாதாரணத் தேடலும், கம்பெனிப் பக்கத்தில் “பீப்பிள்” என்ற பகுதியும் போதும்.

தானியங்கி மென்பொருளைப் பற்றி நான் இவ்வளவு உறுதியாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 2018-இல் நானே ஒரு குரோம் எக்ஸ்டென்ஷன் வாங்கி, கிளையண்ட் ஒருவரின் கணக்கில் போட்டேன். அவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு சீன முதலாளி, இயந்திர உதிரிப்பாகம் செய்பவர். பாஸ்வேர்டை என்னை நம்பிக் கொடுத்தார். எக்ஸ்டென்ஷன் முதல் பெயரை எடுத்து வணக்கம் சொல்லும். நம் நாட்டில் பலர் பெயர்ப் பெட்டியிலேயே ‘ஐ.ஆர்.’, ‘டி.எஸ்.’, ‘டத்தோ’ என்று பட்டத்தையும் போட்டுவைப்பார்கள். அது “வணக்கம் ஐ.ஆர்.” என்று பட்டத்துக்கு வணக்கம் சொன்னது. நம் ஆட்களுக்கோ கடைசியில் இருப்பது அப்பா பெயர். “மிஸ்டர்” போட்டு அப்பாவைக் கூப்பிட்டது. ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேருக்கு ஒரே வாசகம் ஒரே நாளில் போனது. மூன்றாவது வாரம் கணக்கு முடங்கியது. அடையாள அட்டையைக் காட்டி, மன்னிப்புக் கேட்டு எழுதி, திரும்பக் கிடைக்கப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அவருடைய பன்னிரண்டு வருடத் தொடர்புகள் என் கையால் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. அவர் என்னைத் திட்டவில்லை. “இவங்க எல்லாம் என் பிரெண்ட்ஸ் லா” என்று மட்டும் சொன்னார்.

அம்மா மரம் சீவும்போது நான் கூடப் போயிருக்கிறேன். உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரும். ஆனால் மரத்தில் காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டு முண்டாக வளர்ந்து, பிறகு அந்தப் பக்கத்தை வெட்டும் முறை வரும்போது உளி ஓடாது. அந்த எக்ஸ்டென்ஷன் போட்ட முதல் இரண்டு வாரத்தில் எனக்கும் பதில்கள் கூடுதலாகத்தான் வந்தன.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. வாரத்துக்கு எத்தனை அழைப்பு அனுப்பலாம் என்பதற்கு லிங்க்ட்இன் ஒரு திட்டவட்டமான எண்ணை வெளியிடுவதில்லை. 2021 முதல் சுமார் 100 என்று தொழிலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள், என் அனுபவமும் அதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் கணக்கின் வயதையும், அழைப்பை ஏற்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் பொறுத்து அது கூடக் குறைய இருப்பதாகத் தெரிகிறது. நான் வைத்திருக்கும் இருபது அந்த வரம்புக்குப் பயந்து வைத்ததல்ல. ஒரு முதலாளியால் வாரத்தில் இருபது பேரைத்தான் உண்மையாகக் கவனித்துப் பதில் சொல்ல முடியும். அழைப்போடு குறிப்பு எழுதுவது நல்லதா, வெறும் அழைப்பே போதுமா என்பதிலும் எனக்கு ஒரு முடிவு இல்லை. இலவசக் கணக்கில் குறிப்புக்கு 200 எழுத்துதான், அதுவும் மாதத்துக்குச் சில பேருக்கு மட்டும். அந்தச் சிலவற்றை மிகவும் வேண்டியவர்களுக்கு ஒதுக்கி, மற்றவர்களுக்கு வெறும் அழைப்பு அனுப்புகிறேன். எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் பதிவு போடுவது, லிங்கை உள்ளே போடுவதா கமெண்டில் போடுவதா என்பவற்றில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் அதற்காக நேரம் செலவழிப்பதை நிறுத்திவிட்டேன்.

நேரம் செலவழிக்க வேண்டியது வாசகத்தில். கேலிபிரேஷன் லேப்பையே எடுத்துக்கொள்வோம், தம்பிக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அந்த முதலாளி முதலில் எழுதி வைத்திருந்தது, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்: “நாங்கள் ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற முன்னணி லேப். போட்டி விலையில் தரமான சேவை. உங்களோடு பதினைந்து நிமிடம் பேச முடியுமா?” இதில் படிப்பவருக்கு ஒன்றும் இல்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் நாட்டில் லேப்புகளை அங்கீகரிக்கும் ‘சாம்’ திட்டத்தில் கிடைக்கும் அங்கீகாரம் லேப் முழுவதற்கும் மொத்தமாகக் கொடுப்பதல்ல. எந்த அளவீடு, எந்த எல்லைக்குள் என்று பட்டியலிட்டுக் கொடுப்பது. வெர்னியருக்கு இருக்கும், டார்க் ரெஞ்சுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு வரைதான் இருக்கும், ஈரப்பதம் அளக்கும் கருவிக்கு இல்லாமலே போகலாம். அந்தப் பட்டியலைப் படிக்காமல் “அங்கீகாரம் பெற்ற லேப்” என்று எழுதி அனுப்பினால், நாளை ஆடிட்டர் முன்னால் அந்த என்ஜினியர் மாட்டிக்கொள்வார். ஆகவே கிளையண்டின் சான்றிதழை முதலில் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பிறகு, வாங்குபவருக்கு எங்கே வலிக்கிறது என்று நான்கைந்து குவாலிட்டி என்ஜினியர்களிடம் கேட்டேன். விலையைப் பற்றி யாரும் முதலில் பேசவில்லை. கருவி லேப்புக்குப் போனால் என்றைக்குத் திரும்பி வரும் என்பதுதான் கவலை. ஆடிட் தேதி நெருங்கும்போது ஸ்டிக்கர் காலாவதியான கருவி லைனில் இருக்கக் கூடாது, லேப்பில் மாட்டிக்கொண்டாலோ லைனுக்குக் கருவி இல்லை. அதைக் கேட்ட பிறகு வாசகம் இப்படி ஆனது: “வணக்கம். கூலிமில் டார்க் ரெஞ்ச், பிரஷர் கேஜ் கேலிபிரேஷன் செய்கிறேன். உங்கள் தொழிற்சாலை எங்களிடமிருந்து அரைமணி தூரம். இப்போது கருவிகளை அனுப்பினால் எத்தனை நாளில் உங்களுக்குத் திரும்ப வருகிறது?” அவ்வளவுதான். விற்பனை வார்த்தை ஒன்றுகூட இல்லை, ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். “இரண்டு வாரம்” என்று ஒருவர் எழுதினால் அவருக்குத் தேவை இருக்கிறது. “மூன்று நாள்” என்று எழுதினால் இல்லை, நன்றி சொல்லிவிட்டு நகரலாம். பதில் வரவில்லையா, ஒருமுறை மட்டும் நினைவூட்டல், அத்தோடு விட்டுவிட வேண்டும். அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெற்றால் அதே ஆளுக்கு மூன்று வாரம் வரை மறுபடி அனுப்ப முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

அழைப்பு அனுப்புவதற்கு முன் கிளையண்டின் பக்கத்தைச் சரி செய்யுங்கள். பெயருக்குக் கீழே வரும் வரிக்கு 220 எழுத்து இடம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் “மேனேஜிங் டைரக்டர்” என்று போட்டு நிறுத்திவிடுகிறார்கள். யாருக்கு என்ன செய்து கொடுக்கிறார், எந்த ஊரில் என்று அங்கே எழுதுங்கள். படம் தெளிவாக இருக்கட்டும். கல்யாணத்தில் எடுத்த படத்தை வெட்டிப் போட வேண்டாம்.

தம்பி கேட்காமல் விட்ட ஒன்றுதான் பின்னால் பெரிய சண்டையாக வரப்போகிறது. லீட் என்றால் என்ன? நீங்கள் பெயரும் போன் நம்பரும் கொடுத்தால் லீட் என்று நினைக்கிறீர்கள். அவர் பர்சேஸ் ஆர்டர் வந்தால்தான் லீட் என்று நினைக்கிறார். மாதக் கடைசியில் இரண்டு பேருக்கும் மனக்கசப்பு. வேலை தொடங்குமுன் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நான் எழுதுவது மூன்று: கம்பெனி பொருத்தமானதாக இருக்க வேண்டும், வாங்கும் முடிவில் பங்குள்ள ஆளாக இருக்க வேண்டும், இன்னாரோடு பேசச் சம்மதம் என்று அவரே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் லீட். அதற்குப் பிறகு விற்பது கிளையண்டின் வேலை.

பொருத்தம் என்பது ஒவ்வொரு தொழிலுக்கும் மாறும். பயிற்சி நிறுவனத்துக்கு முதல் கேள்வி, அந்தக் கம்பெனி எச்ஆர்டி கார்ப்பில் (தொழிலாளர் பயிற்சி நிதியைக் கவனிக்கும் அரசு அமைப்பு) லெவி கட்டுகிறதா என்பது. சட்டத்தில் சொல்லப்பட்ட தொழில்களில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர் உள்ள முதலாளிகள் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்ட வேண்டும். அந்தப் பணத்தைப் பயிற்சிக்குத்தான் எடுக்க முடியும், அதுவும் பயிற்சி தொடங்குமுன் விண்ணப்பித்திருக்க வேண்டும். ஆகவே “உங்கள் லெவியில் மிச்சம் இருக்கிறதா?” என்ற கேள்வி “உங்களுக்குப் பயிற்சி வேண்டுமா?” என்பதைவிட எவ்வளவோ மேல். பேலட் விற்பவருக்கு, அந்தத் தொழிற்சாலை மரப் பேலட்டில் வெளிநாட்டுக்கு அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். அனுப்பினால் சூடேற்றிப் பதப்படுத்தி, மரப் பேக்கேஜிங்குக்கான அனைத்துலக விதியான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை குத்திய பேலட் வேண்டியிருக்கும், உள்ளூருக்கு மட்டும் என்றால் வேண்டியதில்லை. இந்த மாதிரி ஒரு கேள்வியை ஐந்து கிளையண்டிடமும் கேட்டு வாங்குங்கள்: “உன் நல்ல வாடிக்கையாளரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது எது?”

பேலட் என்றதும் அந்த இரண்டு கிளையண்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு பேரும் ஒரே பொருளை, ஒரே வட்டாரத்தில், ஒரே வேர்ஹவுஸ் மேனேஜர்களிடம் விற்கப் போகிறார்கள். நல்ல பெயர் ஒன்று கிடைத்தால் யாருக்குக் கொடுப்பீர்கள்? மாற்றி மாற்றிக் கொடுத்தாலும், இருவருக்கும் கொடுத்தாலும், தெரிய வரும் அன்றைக்கு இரண்டு பேரும் போய்விடுவார்கள். கூலிம் சின்ன இடம். ஹைடெக் பார்க்கில் இன்று வேலை செய்பவர் நாளை பக்கத்துக் கம்பெனியில் இருப்பார், எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். இரண்டு வழிதான் உண்டு. ஒருவர் ஏற்றுமதிப் பேலட், இன்னொருவர் அட்டைப்பெட்டியும் நுரையும் என்று பொருளைப் பிரித்து, அதை இருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லிச் சம்மதம் வாங்குவது. முடியாவிட்டால் ஒருவரை விட்டுவிடுவது. நான் ஒரு தொழிலுக்கு ஒரு கிளையண்ட் என்றுதான் வைத்திருக்கிறேன், ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதுகிறேன். அதைக் காட்டியே கொஞ்சம் கூடுதல் கட்டணமும் கேட்க முடிகிறது.

பட்டியல்களையும் கலக்கக் கூடாது. ஒரு கிளையண்டுக்காகத் திரட்டியதை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், வேலை முடிந்ததும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் பிரதியை அழித்துவிடுங்கள். இது நாணயம் மட்டுமல்ல, சட்டமும்கூட. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நம் நாட்டில் 2013 நவம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி கிளையண்ட் தரவுக் கட்டுப்பாட்டாளர், அவருக்காகத் தரவைக் கையாளும் நீங்கள் செயலாக்குநர். 2024 திருத்தத்துக்குப் பிறகு, தரவைப் பாதுகாப்பாக வைக்கும் கடமை செயலாக்குநர் மீதும் நேரடியாக விழுகிறது. கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை, சிறை 3 ஆண்டு வரை. அதே சட்டத்தின் 43-ஆவது பிரிவின்படி, என் விவரத்தை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்தாதே என்று ஒருவர் எழுத்தில் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். நான் ஒவ்வொரு கிளையண்டுக்கும் “வேண்டாம் என்றவர்கள்” என்று தனி ஷீட் வைத்திருக்கிறேன், புதுப் பட்டியல் தயாரானதும் முதலில் அதோடு ஒப்பிடுவேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போது இந்தப் பகுதியை மட்டுமாவது ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக. லீடுக்கு இவ்வளவு என்று மட்டும் பேசினால் எண்ணிக்கையைக் கூட்டத்தான் மனம் போகும், தரம் போய்விடும். கமிஷன் மட்டும் என்றால் கிளையண்டின் சேல்ஸ்மேன் திரும்பக் கூப்பிடாததற்கெல்லாம் உங்கள் சம்பளம் போகும். மாதக் கட்டணம் ஒன்று, நடந்த சந்திப்புக்குச் சிறு தொகை ஒன்று, குறைந்தது மூன்று மாதம். தொழிற்சாலை வாங்குவது மெதுவாகத்தான், முதல் மாதத்தில் ஒன்றும் நகராது. நான் முதல் கிளையண்டிடம் மாதம் 800 வெள்ளி வாங்கினேன், குறைத்துக் கேட்டுவிட்டேன் என்று பிறகு தெரிந்தது. தொழில்களைப் பதியும் எஸ்எஸ்எம்மில் இன்னும் பதியவில்லை என்றால் பதிந்துவிடுங்கள். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும், சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. பெரிய கம்பெனிகள் அந்தப் பதிவு இல்லாமல் உங்கள் பில்லைத் தொடமாட்டார்கள்.

கடைசியாக அந்தப் பாய்லர்காரர். செம்பனை ஆலை மேனேஜரையும் ஆலை என்ஜினியரையும் லிங்க்ட்இன்னில் தேடி நான் ஒரு வருடம் வீணாக்கியிருக்கிறேன். பலருக்குக் கணக்கு இருக்கும், கடைசியாகத் திறந்தது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. பகலில் ஆலைக்குள் இருப்பார்கள், கைப்பேசி மேசை டிராயரில் இருக்கும். லிங்க்ட்இன்னில் உயிரோடு இருப்பவர்கள் கோலாலம்பூர் தலைமையகத்தில் உள்ள என்ஜினியரிங், கொள்முதல் ஆட்கள். அவர்கள் வருடாந்தர டெண்டருக்குத்தான் உதவுவார்கள், பாய்லர் டியூப் ஓட்டை விழுந்த இரவில் யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிப்பது ஆலையில் இருப்பவர். உங்கள் கிளையண்டுக்கு அந்த அவசர வேலை வேண்டும் என்றால் அவரிடம் நேராகச் சொல்லுங்கள்: “அண்ணே, இதற்கு லிங்க்ட்இன் சரிப்படாது. நீங்கள் இதுவரை வேலை செய்த ஆலைகளின் பெயரை எழுதிக் கொடுங்கள், பாய்லர் பரிசோதனைத் தேதி எந்த ஆலைக்கு எப்போது வருகிறது என்று அட்டவணை போட்டுத் தருகிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்னால் நீங்கள் போன் செய்து நேரில் போங்கள்.” அந்த அட்டவணைக்கு அவர் காசு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன்னுக்காக முன்பணம் வாங்கியிருந்தால், மெசேஜ் அனுப்பத் தொடங்குமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.